கருக்கலில் எய்த அம்பைத் தேடி எடுப்பது: வில் வேட்டைக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

வெள்ளைவால் மான் பகலில் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். வெளிச்சம் மங்கும்போதுதான் மேய்ச்சலுக்கு எழுந்து வரும். அதனால் வில்லோடு பரணில் காத்திருப்பவருக்கு வாய்ப்பு கிடைப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கனடாவின் ஒன்டாரியோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை வேட்டைக்கு அனுமதி உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் மானுக்கு இதே கணக்குதான். எய்யும்போது கருக்கல், இறங்கித் தேடும்போது கும்மிருட்டு. அம்புத் தண்டோ கறுப்புக் கார்பன். தரை முழுக்க மேப்பிள் சருகு.

கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 250 முதல் 300 அடி வேகத்தில் பறக்கும். சரியாகப் பட்டால் மானின் உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய் மண்ணில் இறங்கிவிடும். மான் அதே இடத்தில் விழுவது அபூர்வம். காட்டுக்குள் ஓடி மறைந்துவிடும். எங்கே பட்டது, எவ்வளவு நேரம் கழித்துத் தேடிப் போகலாம் என்பதை முதலில் சொல்லப்போவது அந்த அம்புதான். அதில் ஒட்டியிருக்கும் ரத்தத்தின் நிறமும் மயிரும் வாடையும் உங்களுக்கு வேண்டும். அம்பின் விலையெல்லாம் அப்புறம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே எழுதியிருப்பது உரிமம் எடுத்து, பயிற்சி முடித்து, சட்டப்படி வேட்டையாடக்கூடிய இடங்களுக்கு. இலக்குப் பலகையைத் தவறவிட்டுப் புல்லில் அம்பைத் துழாவும் வில்வித்தைக்காரர்களுக்கும் இதில் பாதி உதவும்.

கண் எப்படி ஏமாற்றுகிறது

அம்பை அலங்கரிப்பதற்கு முன்னால் கண்ணைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. கூம்புச் செல்கள் பகலில் நிறம் பார்க்க. கோல் செல்கள் இருட்டில் பார்க்க. பகலில் நம் கண்ணுக்கு அதிகப் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் கலந்த பச்சை. வெளிச்சம் மங்க மங்க வேலை கோல் செல்களின் கைக்கு மாறும். அப்போது உச்சம் 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலம் கலந்த பச்சைப் பக்கமாக நகர்ந்துவிடும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பகலில் பளிச்சென்று இருந்த சிவப்புப் பூ, அந்தியில் பக்கத்திலிருக்கும் இலையைவிட இருண்டு போய்விடும்.

கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறத்தாழத் தெரியவே தெரியாது. கடையின் குழல் விளக்குக்குக் கீழே கண்ணைப் பறித்த சிவப்பு இறகு, நன்றாக இருட்டியதும் கறுப்பு இறகாகிவிடும். அப்படியிருந்தும் ஆயத்த அம்புகளில் சிவப்பு இறகு ஏராளமாக விற்கிறது. காரணம் எளிது: அம்பு வாங்குபவர்கள் பகலில் வாங்குகிறார்கள்.

படி 1: இறகின் நிறம்

ஒளிரும் சாயம் ஏற்றிய மஞ்சள்-பச்சை முதல் இடம். வட அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பக்கம் வைக்கும் எச்சரிக்கைப் பலகைகளில் இந்த நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலத்தையும் விழுங்கி, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிறமாக வெளியே விடும். சூரியன் மறைந்த பிறகு வானத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு கூடுதலாக இருப்பதால், சுற்றியிருப்பவை மங்கும்போதும் இந்தச் சாயம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அக்டோபர் தொடக்கத்தில் மஞ்சள் பூ பூக்கும் கோல்டன்ராட் செடி மண்டிய வெளியிலோ, பாதி பழுத்த இலைகள் கொட்டிக் கிடக்கும் இடத்திலோ மஞ்சள்-பச்சை கலந்து மறைந்துவிடும். அங்கே ஒளிரும் இளஞ்சிவப்புதான் கைகொடுக்கும். இலையுதிர்காலக் காட்டில் மஞ்சள் உண்டு, ஆரஞ்சு உண்டு, சிவப்பு உண்டு, பழுப்பு உண்டு; பளீர் ரோஸ் நிறத்தில் எதுவுமே கிடையாது. டார்ச் அடித்துத் தேடும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆரஞ்சைத் தவிர்த்துவிடுங்கள். வேட்டைக்காரர் உடுப்பில் ஆரஞ்சு நல்லது, மேப்பிள் சருகின் மேல் கிடக்கும் அம்பில் அது வீண்.

ஆண்களில் பலருக்குச் சிவப்பு-பச்சை பிரித்தறியும் திறன் குறைவு. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒருவர். அப்படிப்பட்டவர்களுக்கு நண்பர் சொல்லும் நிறம் உதவாது. அவரவர் கண்ணே அவரவருக்குச் சோதனைக்கூடம்.

மூன்று இறகும் ஒரே நிறமாக இருக்கத் தேவையில்லை. என் விருப்பம் இரண்டு மஞ்சள்-பச்சை, ஒன்று வெள்ளை. வெள்ளை எதற்கு என்பது அடுத்த படியில்.

படி 2: தண்டின் வாலுக்கு ஒரு வெள்ளை உறை

இறகு ஒட்டுவதற்கு முன்னால் தண்டின் பின்பகுதியில் சுற்றும் வினைல் ஸ்டிக்கரை ராப் என்பார்கள். நான்கு அங்குலம், ஏழு அங்குலம் என்று நீளவாரியாகக் கிடைக்கும். அம்பைத் தேடுவதற்கு இதைவிட மலிவான உதவி கிடையாது. இறகு மெலிதானது, பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடுதான். ராப் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே அகலத்தில் தெரியும்.

இங்கே வெள்ளையைத்தான் பரிந்துரைப்பேன். கண்டுபிடிப்பதற்கு மட்டுமென்றால் மஞ்சள்-பச்சை ஒருவேளை ஒரு படி மேலாக இருக்கலாம். ஆனால் அம்பைக் கண்டுபிடித்த பிறகு அதைப் படிக்கவும் வேண்டுமே. நுரையீரல் ரத்தத்தின் இளஞ்சிவப்புக்கும் கல்லீரல் ரத்தத்தின் கருஞ்சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் வெள்ளைத் தாளில் தெரிவதுபோல வேறெதிலும் தெரியாது. சிவப்பு ராப்பில் எதுவுமே தெரியாது. கறுப்புத் தண்டில் ஈரம் மட்டும்தான் தெரியும்.

ஒட்டும் முறை: தண்டை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ராப்பை ஒரு மௌஸ் பேடின் மேல் பசைப் பக்கம் மேலாக வைத்து, தண்டை அதன் விளிம்புக்கு நேராகப் பிடித்து, ஒரே அழுத்தமாக உருட்டுங்கள். கோணல் வந்தால் உடனே உரித்துவிட்டு வேறொன்று எடுங்கள். இழுத்துச் சரிசெய்தால் சுருக்கம் விழும். இறகு ஒட்டும் பசை ராப்பின் வினைலோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு அம்பில் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

மானுக்கு வெள்ளை தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும். மானுக்குச் சிவப்புக்கான கூம்புச் செல் கிடையாது; நீலமும் பச்சையும்தான். அதன் கண்ணிலுள்ள லென்ஸ் நம்முடையதைப்போலப் புற ஊதாவைத் தடுப்பதும் இல்லை. அதனால் வெண்மை கூட்டும் ரசாயனம் உள்ள பொருட்கள் மானுக்குப் பளிச்சென்று தெரியும். போதாக்குறைக்கு, வெள்ளைவால் மான்கள் வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டித்தான் ஒன்றையொன்று எச்சரிக்கும். ஆனால் அம்பறாத்தூணியை வில்லிலிருந்து கழற்றி மரத்தின் பின்பக்கம் மாட்டிவிட்டால் ஐந்து வெள்ளை வால் ஒன்றாகிவிடும். அந்த ஒன்றைவிட உங்கள் கை அசைவுதான் மானை விரட்டும்.

படி 3: விளக்கு நாக்

நாணில் மாட்டும் அம்பின் கடைசிப் பிளவுத் துண்டு நாக். அதற்குள் சிறு எல்இடியும் ஊசி வடிவ லித்தியம் பாட்டரியும் வைத்தால் விளக்கு நாக். பல வகைகளில் நாண் அம்பைத் தள்ளும் விசையிலேயே நாக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து சுவிட்ச் போடும். பறக்கும்போதே ஒளிக்கோடு தெரியும். அதனால் மானின் உடம்பில் எந்த இடத்தில் பட்டது என்பதையும் பார்த்துவிடலாம். இருட்டில் அம்பைத் தேட இதற்கு இணை எதுவும் இல்லை.

என்ன நிறம்? மேலே சொன்ன கணக்குப்படி பச்சை என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே கணக்கு மாறுகிறது. எல்இடி தானே ஒளிர்வது. இருட்டில் கூம்புச் செல்களை எழுப்ப அதற்குப் போதுமான பிரகாசம் உண்டு. மானைத் துளைத்துப் போன நாக்கின் மேல் ரத்தம் பூசியிருக்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கிவிடும், சிவப்பை வெளியே விட்டுவிடும். ஆகவே இறகில் சிவப்பு வேண்டாம் என்று சொன்ன நானே நாக்கில் சிவப்பைச் சொல்கிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது உள்விட்டம். தண்டுகள் 0.246, 0.244, 0.204, 0.166 அங்குலம் என்று பல உள்விட்டங்களில் வருகின்றன. 0.246-க்கும் 0.244-க்கும் உள்ள வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் தவறான அளவில் நாக் ஒன்று உள்ளே போகாது, அல்லது தொளதொளத்துப் போகும். சிறிது தளர்வாக இருந்தால் ஒரு சுற்று டெஃப்ளான் டேப் போதும் என்பார்கள். அதைவிடச் சரியான அளவை வாங்குவது மேல்.

நாணில் மாட்டினால் மெல்லிய 'கிளிக்' கேட்க வேண்டும். அம்பு தொங்கினால் விழக்கூடாது, விரலால் தட்டினால் கழல வேண்டும். இறுக்கமாக இருந்தால் மாட்டும்போதே விளக்கு எரிந்துவிடும். பரணில் இருட்டில் அது எரிந்தால் உங்கள் முகத்துக்கு நேராகச் சின்னத் தீபம்.

குறுக்குவில் (கிராஸ்போ) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அரைப்பிறை, தட்டை, நாணைக் கவ்வும் வகை என்று நாக் வடிவங்கள் வேறுபடும். உங்கள் வில்லின் கையேடு எந்த வடிவம் சொல்கிறதோ அதைத் தவிர வேறெதையும் போடக்கூடாது. நாண் நாக்கைத் தவறவிட்டால் வில் வெறுமனே அடித்து உடையலாம், ஆளுக்கும் அடிபடலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பில் மின்னணுச் சாதனம் கூடாது என்று மேற்கு அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் நெடுங்காலம் விதி இருந்தது. வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் போப் அண்ட் யங் சங்கமே 2014-இல்தான் விளக்கு நாக்கை ஏற்றுக்கொண்டது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்தப் பருவத்தின் கையேட்டில் ஒருமுறை பாருங்கள்.

படி 4: எடையைச் சரிக்கட்டுவது

பலர் இதைத் தவிர்த்துவிட்டு, பிறகு அம்பு சரியாகப் போகவில்லை என்று நாக்கைக் குறை சொல்வார்கள். அம்பின் எடையை கிரெயின் என்ற அலகில் சொல்வது வழக்கம். 15 கிரெயின் ஏறத்தாழ ஒரு கிராம். சாதாரண நாக்கைவிட விளக்கு நாக் பல வகைகளில் பத்து, பதினைந்து கிரெயின் கூடுதலாக இருக்கும். ராப் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். எல்லாமே வாலில்.

30 அங்குல அம்பு, எடை 400 கிரெயின், சமநிலைப் புள்ளி நாக்கிலிருந்து 18.6 அங்குலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளியிலிருந்து 3.6 அங்குலம் முன்னால், அதாவது நீளத்தில் 12 சதவீதம். வாலில் 15 கிரெயின் ஏற்றினால் சமநிலைப் புள்ளி 17.9 அங்குலத்துக்குப் பின்வாங்கும். 12 சதவீதம் 10-க்குக் கீழே போய்விடும். அம்பு பறக்காமல் போகாது. ஆனால் 30 கஜத்தில் அது படும் இடம் மாறலாம். வேட்டைக்கான அகலக் கத்தி முனையான பிராட்ஹெட் மாட்டிய அம்பில் இந்த மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

தீர்வு இரண்டு. முன்பக்கம் கொஞ்சம் கனமான முனை போடலாம். அப்படிப் போட்டால் தண்டின் விறைப்பு போதுமா என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும். அல்லது பயிற்சி அம்புகளிலும் அதே எடையுள்ள நாக்கையும் ராப்பையும் போட்டு, வில்லை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவதுதான் எளிது. பாட்டரி தீர்ந்த பழைய விளக்கு நாக்குகளைத் தூக்கிப் போடாமல் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எடை அதேதான்.

படி 5: பாட்டரி இல்லாத காப்பு

விளக்கு நாக் ஒரு மின்சாதனம். எந்த மின்சாதனமும் ஒருநாள் காலைவாரும். அதனால் இறகுக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு வளையம் ஒளிதிருப்பும் டேப் சுற்றிவிடுங்கள். சாலைப் பலகைகளில் இருக்கும் அதே பொருள். நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். இதில் ஒரு நுணுக்கம்: ஒளி திரும்பிப் போவது டார்ச்சுக்குத்தான். டார்ச்சை இடுப்பில் பிடித்தால் ஒளி இடுப்புக்குத் திரும்பும். நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப் என்றால் கண்ணுக்குப் பக்கத்திலேயே திரும்பி வரும். கையில் டார்ச் என்றால் கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். தேடுபவர் இரண்டு பேராக இருந்தால், ஒருவர் அடிக்கும் வெளிச்சத்தில் மற்றவருக்கு அந்த டேப் தெரியாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

இருட்டில் மினுங்கும் டேப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இப்போது வருபவை ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கலந்தவை. பழைய துத்தநாக சல்ஃபைடைவிட நெடுநேரம் தாங்கும். ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பங்கு மங்கிவிடும். அம்பு இலைக்குக் கீழே கிடந்தால் பயனில்லை. இதற்குச் செலவிடும் பணத்தில் இன்னொரு ராப் வாங்கலாம்.

படி 6: வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு மாலை

எல்லாம் தயார் என்றால் வேட்டைக்குப் போவதற்கு முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். பிராட்ஹெட்டைக் கழற்றிப் பயிற்சி முனை மாட்டி, வெவ்வேறு நிற வால்கொண்ட அம்புகளைப் புல்லிலும் சருகிலும் 20, 30, 40 கஜ தூரத்தில் குத்தியும் படுக்கவைத்தும் வையுங்கள். சூரியன் மறைந்ததும் ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, அரை மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். எது எப்போது காணாமல் போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹெட்லேம்ப் போட்டு மறுபடியும்.

போனில் படமெடுத்து ஒப்பிட வேண்டாம். இருட்டுப் படங்களைப் போன் தானாகவே பிரகாசமாக்கிவிடும். உங்கள் கண் கண்டது அதில் இருக்காது.

படி 7: எய்த பிறகு முதல் பத்து நிமிடம்

என்னைக் கேட்டால் தொலைந்த அம்புகளில் பெரும்பாலானவை தொலைவது இங்கேதான். படபடப்பில் மானையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது நின்ற இடம் எது என்பதையே மறந்துவிடுவோம். மேலிருந்து பார்த்த காட்சி, இறங்கி நின்றால் முற்றிலும் வேறாக இருக்கும். பரணிலிருந்து இரண்டு மரங்களுக்கு நடுவே தெரிந்த வெளி, தரையில் ஆறு மரங்களுக்கு நடுவே எங்கோ போய்விடும்.

இதற்கான ஏற்பாடு பகலிலேயே தொடங்குகிறது. பரணில் ஏறியதும் ரேஞ்ச் ஃபைண்டரால் நாலைந்து மரங்களின் தூரத்தை அளந்து மனதில் வையுங்கள். நிலத்துக்காரர் சம்மதித்தால் 20 கஜத்திலும் 30 கஜத்திலும் மரங்களில் ஒளிதிருப்பும் குண்டூசிகளைப் பரணைப் பார்த்தபடி குத்தி வைக்கலாம். இரவில் ஹெட்லேம்ப் போட்டதும் அவை உங்களுக்கு அளவுகோலாக மின்னும்.

எய்ததும் அசையாமல் காதைக் கொடுங்கள். அம்பு பட்ட சத்தம், மான் ஓடிய திசை, கடைசியாகக் கேட்ட கிளை முறியும் சத்தம். பிறகு மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ட இடம் இரண்டுக்கும் திசைகாட்டியில் கோணம் பார்த்துப் போனில் எழுதிக்கொள்ளுங்கள். வெளிச்சம் மிச்சமிருந்தால் பரணிலிருந்தே ஒரு படம். இறங்குவதற்கு முன் ஒரு சிறு விளக்கைப் பரண் உயரத்தில் மரத்தில் மாட்டிவிடுங்கள்; கீழே நடக்கும்போது திரும்பிப் பார்த்தால் நேர்கோட்டில் இருக்கிறீர்களா என்று தெரியும். முழு உடம்புக்கான பாதுகாப்புப் பட்டையோடு, நிதானமாக இறங்குங்கள். இருட்டில், படபடப்போடு இறங்கும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள்.

ஒன்டாரியோவில் இன்னொரு விஷயம்: அங்குள்ள வனவிலங்குச் சட்டத்தில் வில்லும் குறுக்குவில்லும் துப்பாக்கிக் கணக்கில்தான் வரும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு விலங்குகள் நடமாடும் இடத்தில் அது உறைக்குள் இருக்க வேண்டும். மற்ற இடங்களிலும் இரவில் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் வில்லுமாக நடந்தால் வன அதிகாரி சந்தேகப்படத்தான் செய்வார். வில்லைப் பூட்டிவிட்டு வந்து தேடுங்கள்.

படி 8: தேடுதல்

முதல் வேலை, எல்லா விளக்கையும் அணைப்பது. விளக்கு நாக் சருகுக்குள் புதைந்திருந்தாலும் சுற்றியுள்ள இலைகளில் மங்கலான சிவப்பு படர்ந்திருக்கும். உங்கள் ஹெட்லேம்ப்பின் வெளிச்சத்தில் அது அடிபட்டுப்போகும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆனால் இரண்டு மூன்று நிமிடம் நின்றாலே நல்ல வித்தியாசம் தெரியும். சிவப்பைத் தேடும்போது நேராகவே பாருங்கள். பக்கப் பார்வையில் அடர்ந்திருக்கும் கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறத்தாழத் தெரியாது.

எதுவும் தெரியவில்லையா? சரி, இப்போது ஹெட்லேம்ப்பை வெள்ளை வெளிச்சத்தில் போடுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் தேடக்கூடாது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரித் தெரியும். இலை மேல் கிடக்கும் ரத்தம் அப்படியே மறைந்துவிடும். ஒளிதிருப்பும் டேப்புக்காக ஒருமுறை தலை உயரத்தில் சுற்றிலும் அலசுங்கள். பிறகு வேறொரு டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். நிமிர்ந்து நிற்கும் இறகின் நிழல் நீளமாக விழும். சருகு கலைந்த இடமும் புரியும்.

எங்கே தேடுவது என்பதற்குக் கொஞ்சம் வடிவியல் உதவும். 20 அடி உயரப் பரணிலிருந்து 20 கஜத்தில், அதாவது 60 அடியில் இருந்த மானை எய்தால், அம்பு ஏறத்தாழ 18 டிகிரி சாய்வில் இறங்கும். மானைத் துளைத்த பிறகு சில அடிக்குள் மண்ணில் குத்தி, வால் மேலே நிற்க வாய்ப்பு அதிகம். தரையில் அமைத்த மறைவிடத்திலிருந்து எய்திருந்தால் கதை வேறு. அம்பு கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் போய், வெகுதூரம் தள்ளி விழுந்து, புல்லுக்கு அடியில் சறுக்கி மறைந்துவிடும். அங்கே மேலிருந்து பார்த்துப் பயனில்லை. எய்த கோட்டுக்குக் குறுக்காக, ஒரு சிறு கைவாரியால் புல்லைப் பிரித்துப் பிரித்துப் போக வேண்டும். வெறுங்கையால் துழாவாதீர்கள், ஒன்டாரியோவில் மானுக்கான பிராட்ஹெட் குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், சவரக் கத்தி கூர்மை.

புற ஊதா டார்ச் நல்ல துணை. 365 நானோமீட்டர் வகை சிறந்தது. காடு இருண்டு கிடக்க, ஒளிரும் சாய இறகு மட்டும் தனியாகப் பளீரிடும். பிறர் கண்ணிலோ உங்கள் கண்ணிலோ அடிக்க வேண்டாம். ஆனால் ரத்தம் இதில் ஒளிரும் என்று நம்பி வாங்காதீர்கள். ரத்தம் புற ஊதாவை விழுங்கிக் கறுப்பாகத்தான் தெரியும். துப்பறியும் தொடர்களில் ஒளிர்வது லூமினால் என்ற ரசாயனம் தெளித்த பிறகு.

வந்த இடத்தையெல்லாம் மிதித்துக் குழப்பாமல், போன வழியில் துண்டுத் துண்டாகக் கழிவறைத் தாளைக் கிளையில் தொங்கவிடுங்கள். வெள்ளையாகத் தெரியும், மழையில் கரைந்துவிடும்.

படி 9: அம்பைப் படித்தல்

அம்பு கிடைத்தால் உடனே பிடுங்காதீர்கள். குத்தி நிற்கும் கோணமும் திசையும் மான் நின்ற இடத்தைக் காட்டும். அதை ஒரு படம் எடுத்த பிறகு எடுங்கள்.

வெள்ளை ராப்பில் இளஞ்சிவப்பாக, சிறு குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து தடம் பிடிக்கலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கல்லீரல். நாலைந்து மணி நேரமாவது விட வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து, துர்வாடையோடு இருந்தால் வயிறு அல்லது குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் காத்திருப்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். அதற்குள் துரத்தினால் படுத்த மான் எழுந்து மைல் கணக்கில் போய்விடும். நிறத்தில் குழப்பம் என்றால் மூக்கை நம்புங்கள். குட்டையான வெள்ளை மயிர் ஒட்டியிருந்தால் அடிவயிற்றுப் பக்கம். ரத்தமே இல்லாமல் சுத்தமாக இருந்தால் தவறிய அம்பாக இருக்கலாம். அப்போதும் சுற்றிலும் நன்றாகத் தேடிவிட்டே அந்த முடிவுக்கு வாருங்கள்.

இரவு சூடாக இருந்து, கயோட்டிகளும் (ஓநாய் இனத்துச் சிறு வேட்டை விலங்கு) அதிகம் என்றால் காத்திருப்பது கடினமான முடிவு. விதி அனுமதிக்கும் இடங்களில் கயிற்றில் கட்டிய மோப்ப நாயை வரவழைக்கலாம். அமெரிக்காவில் யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் என்ற அமைப்பு மூலம் அப்படி நாய் வைத்திருப்பவர்களைத் தேடலாம். நாய் வருவதற்குள் நாலு பேர் மிதித்துத் தடத்தைக் கெடுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

படி 10: கிடைத்த அம்பும் கிடைக்காத அம்பும்

கிடைத்த அம்பின் நாக்கை அணைத்துவிட்டுத் தண்டைக் கழுவுங்கள். இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்து, சுற்றிச் சுற்றி விரிசல் பாருங்கள். நெறுநெறுக்கும் சத்தம் கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விழுந்த கார்பன் தண்டு அடுத்த முறை எய்யும்போது கையிலேயே சிதறலாம். பாதி அம்புதான் கிடைத்தது என்றால் மீதி மானுக்குள் இருக்கலாம்; அறுக்கும்போது கையுறை போட்டு, காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியை வெட்டி எறிந்துவிடுங்கள், கார்பன் சிலும்பு கண்ணுக்குத் தெரியாது.

இரவில் கிடைக்காத அம்புக்காகக் காலையில் மெட்டல் டிடெக்டரோடு திரும்பலாம். கார்பனைக் கருவி நம்பகமாகக் காட்டாது. எஃகு பிராட்ஹெட்டும் உள்ளே இருக்கும் அலுமினியச் செருகும் காட்டிக்கொடுக்கும். அப்படியும் அகப்படவில்லை என்றால் நிலத்துக்காரரிடம் எந்த இடம் என்று சொல்லிவிடுங்கள். புல் அறுக்கவோ, மாடு விடவோ, டிராக்டர் ஓட்டவோ போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.